பினாங்கு வீட்டுக் கொல்லை அணிலில் உண்ணி: இன்னது என்று கண்டுபிடிக்கும் முறை

பினாங்கில் ஆயர் ஈத்தாம், தண்ணீர்மலை, பாலேக் பூலாவ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அணில் அன்றாடம் கண்ணில் படுகிற பிராணி. ரம்புத்தான் பழுக்கிற மாதங்களில் கேட்கவே வேண்டாம். அதன் காதோரத்திலோ தாடையடியிலோ சாம்பல் நிறத்தில் ஏதோ உப்பலாக ஒட்டியிருப்பதைக் கண்டால், பலரும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து இணையத்தில் தேடுகிறார்கள். பெரும்பாலும் வருகிற பதில் அமெரிக்க மான் உண்ணி. அது மலேசியாவிலேயே கிடையாது. அணிலின் தோலுக்கடியில் பெரிய புழு வளர்வதாகக் காட்டும் படங்களும் இப்படித்தான். அந்தப் புழுவை விடும் ஈ அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. நம் கொல்லை அணிலின் வீக்கத்துக்கு அது காரணமாக இருக்க முடியாது.

ஒரு லென்ஸும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், வளர்ந்த உண்ணியின் பேரினத்தை, அதாவது நெருங்கிய வகைகள் சேர்ந்த குழுவை, வீட்டிலேயே சொல்லிவிடலாம். சிற்றினம், அதாவது அந்தக் குழுவில் எந்த வகை என்பது வரை போக ஆய்வகம் வேண்டும். இந்த எல்லையை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. மங்கலான படத்தை வைத்துக்கொண்டு முழுப் பெயரையும் அடித்துச் சொல்கிறவரின் பேச்சை நம்ப வேண்டியதில்லை.

நிறத்தையும் பருமனையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வளர்ந்த ஆணைத் தவிர எந்த உண்ணியும் இரத்தம் குடிக்கக் குடிக்க உடம்பு விரிந்து, பழுப்பு போய்ச் சாம்பலாகும். சில சமயம் பச்சை கலந்த கறுப்பாகவும் தெரியும். வயிறு நிறைந்த பெண் உண்ணி ஆமணக்கு விதை போல ஆகிவிட்டால், எல்லாப் பேரினமும் பார்வைக்கு ஒன்றுதான். விரியாத பாகங்கள் இரண்டு: வாய், முதுகின் முன்பக்கத்துக் கெட்டித் தகடு. மூன்றாவது, அடிவயிற்றில் மலத்துளையை ஒட்டிய பள்ளக்கோடு; அது மட்டும் வயிறு நிறைந்தால் மங்கும். அடையாளம் காண இந்த மூன்றும்தான் உதவும்.

முதலில், அது எந்தப் பிராணி?

உண்ணியைப் பற்றிக் கேட்கிற எவரும் முதலில் கேட்பது, எதன் உடம்பிலிருந்து எடுத்தீர்கள் என்றுதான். வயிறு செங்காவி நிறமாகவும், விலாவில் கறுப்பும் வெளிர்மஞ்சளுமாக இரண்டு பட்டையும் இருந்தால் அது கல்லோசியூரஸ் நோட்டாட்டஸ். தீபகற்பம் முழுக்க வீட்டு மரங்களில் திரிவது இதுதான். வயிறு சாம்பலாக இருந்தால் கல்லோசியூரஸ் கானிசெப்ஸ். வடக்கு மாநிலங்களில் இதையும் நிறையப் பார்க்கலாம். கொடிமலை எனப்படும் பினாங்கு மலைக் காட்டில் வால் நீண்ட பெரிய கறுப்பு அணில் உண்டு. அது கொல்லைக்கு இறங்கி வருவது அபூர்வம். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஓடுகிற, முதுகில் மூன்று கோடு போட்ட அணிலை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

பலர் ஏமாறுவது மூஞ்சி நீண்ட ஒரு பிராணியிடம். மலாய்க்காரர்கள் அதையும் தூப்பாய் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது அணிலே அல்ல, மர மூஞ்சூறு. மூக்கு கூர்ந்து நீண்டிருக்கும், தோளில் வெளிறிய கோடு ஒன்று இருக்கும், மரத்தைவிடத் தரையில்தான் அதிகம் மேயும். தரையில் மேய்வதால் உண்ணி ஏறும் வாய்ப்பும் அதற்கு அதிகம். குறிப்பில் இதை அணில் என்று எழுதிவிட்டால், அதற்கப்புறம் எழுதுகிற எல்லாமே தவறாகிவிடும்.

அது உண்ணிதானா?

அணில் உடம்பில் ஒட்டியிருக்கிற எல்லாம் உண்ணியாக இருக்காது. தெள்ளுப்பூச்சி பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், தொட்டால் தாவும். பேனுக்கு ஆறு கால்; தலை, மார்பு, வயிறு என்று உடம்பு தெளிவாகப் பிரிந்திருக்கும்; மயிரைப் பற்றிக்கொண்டு நிற்கும். உண்ணிக்குத் தலை தனியாகக் கிடையாது, உடம்பு முழுவதும் ஒரே பை. முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது வாய் மட்டும். உணர்கொம்பும் இல்லை, இறக்கையும் இல்லை. அது தாவாது, மரத்திலிருந்து குதிக்கவும் செய்யாது. புல் நுனியிலோ செடியின் இலையோரத்திலோ முன்னங்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிப் போகிற பிராணியில் தொற்றிக்கொள்ளும்.

காதின் உள்ளே ஆரஞ்சோ சிவப்போ நிறத்தில் பொடிப்பொடியாகக் கூட்டமாக ஒட்டியிருந்தால், அவை பெரும்பாலும் செம்பேன் எனப்படும் சிற்றுண்ணியின் குஞ்சுகள். இவற்றுக்கும் ஆறு கால்தான். உண்ணிக் குஞ்சுக்கும் ஆறு கால் என்பதால் குழப்பம் வரும். செம்பேன் குஞ்சு கால் மில்லிமீட்டர் அளவுதான், உடம்பெல்லாம் மயிர். உண்ணிக் குஞ்சு அரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், உடம்பு வழுவழுப்பாக இருக்கும், வாய் முன்னால் துருத்தித் தெரியும். செம்பேனைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். லெப்டோட்ராம்பிடியம் வகைச் செம்பேன்கள் புதர்க் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் நோயைப் பரப்புபவை. 1948ல் குளோரம்ஃபெனிகால் மருந்து இந்த நோய்க்கு எடுபடுகிறதா என்று சோதித்துப் பார்த்த இடமே கோலாலம்பூர்தான்.

மேலிருந்து பார்க்கும்போது வாயே தெரியாமல், தோல் சுருக்கம் விழுந்த பை போல இருந்தால் அது மெல்லுடல் உண்ணி. அணிலில் அது கிடைப்பது அரிது. இந்த வகையில் ஒன்று பத்துமலைக் குகை வௌவால்களிடமிருந்து அறியப்பட்டு, அந்த மலையின் பெயரையே தாங்கி பாட்டுவென்சிஸ் என்று அழைக்கப்படுகிறது. இனி இங்கே சொல்வதெல்லாம் முதுகில் கெட்டித் தகடு உள்ள வன்னுடல் உண்ணிகளைப் பற்றியே.

தேவையான சாமான்கள்

நுனி கூர்ந்த இடுக்கி ஒன்று வேண்டும். புருவம் திருத்துகிற தட்டை முனை இடுக்கி உண்ணியை நசுக்கிவிடும். நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்துகிற 10 மடங்கு கைலென்ஸ் போதும்; 20 மடங்கு கிடைத்தால் இன்னும் நல்லது. கணினியில் செருகும் யூஎஸ்பி நுண்ணோக்கி வாங்குவதாக இருந்தால், தாங்கியோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். கையில் பிடித்து எடுத்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் ஆடும். ஃபார்மசியில் விற்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹால், 2 மில்லிலிட்டர் மூடிக் குப்பிகள் சில, ரப்பர் கையுறை, மில்லிமீட்டர் அளவுகோல், வெள்ளைத் தட்டு, பேன் சீப்பு, பென்சில். இவ்வளவுதான். கைகழுவும் ஜெல்லில் உண்ணியைப் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள்; வாய்ப்பாகத்தில் பிசின் படிந்து பிறகு எதுவும் தெரியாமல் போகும். ஃபார்மலின் கூடாது, பிற்காலத்தில் மரபணு சோதனை செய்ய வழியில்லாமல் போய்விடும். அந்தச் சோதனைக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 95 விழுக்காட்டு எத்தனால் வாங்கி வையுங்கள்.

உண்ணியை எடுப்பது

ஓடித் திரிகிற அணிலைப் பொறி வைத்துப் பிடிக்காதீர்கள். காட்டு விலங்கைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற விஷயம். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேட்காமல் இதில் இறங்குவது வம்பு. உயிருள்ள அணிலைத் தூரத்திலிருந்து படம் எடுக்கலாம். அதை வைத்து உண்ணியா, புண்ணா, கட்டியா என்று வேண்டுமானால் சொல்லலாம், அதற்கு மேல் போக முடியாது. அணில் தன் வாயாலும் நகத்தாலும் எட்ட முடியாத இடங்களில்தான் உண்ணி தங்கும் என்பதால் காது, கண்ணோரம், தாடையடி, பிடரி, கையிடுக்கு ஆகியவற்றைக் குறிவைத்துப் படம் எடுங்கள்.

உண்ணி கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று வழியில்: மின்கம்பியில் அடிபட்டு விழுந்த அணில், பூனை கவ்விக்கொண்டு வந்து வாசலில் போட்ட அணில், கூட்டிலிருந்து விழுந்த குட்டி.

செத்த அணில் என்றால் நேரம் முக்கியம். உடம்பு குளிர்ந்ததும் உண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வேறு இடம் தேடும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. கையுறை போட்டு உடனே ஜிப் பையில் போட்டு மூடுங்கள், அதை இன்னொரு பையில் போட்டு ஓர் இரவு உறைபெட்டியில் வையுங்கள். உண்ணியும் தெள்ளும் அதற்குள் செத்துவிடும். வீட்டுக்காரம்மா மீன் வைக்கிற தட்டில் வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தனி டப்பாவில் வையுங்கள். மறுநாள் வெள்ளைத் தாளின் மேல் கிடத்தி, மயிருக்கு எதிர்த்திசையில் பேன் சீப்பால் வாருங்கள். தலையிலிருந்து தொடங்கி வால் வரை, பிறகு வயிறு. காதுக்குள்ளே லென்ஸ் வைத்துப் பார்க்கத் தவறாதீர்கள். குஞ்சு உண்ணிகள் அங்கேதான் மிஞ்சியிருக்கும். பையின் உள்பக்க மூலைகளையும் பாருங்கள். அணிலை விட்டு இறங்கியவை அங்கே ஒட்டியிருக்கும், பலர் கவனிக்காமல் பையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

ஒட்டிப் பிடித்திருக்கும் உண்ணியை எடுக்கும்போது இடுக்கியின் முனை தோலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். உண்ணியின் வாயடியைப் பிடித்து, நேர்மேலே, மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். திருகக்கூடாது, வெடுக்கென்று பிடுங்கவும் கூடாது. வயிற்றைப் பிடித்து இழுத்தால் வாய் தோலிலேயே தங்கிவிடும். அடையாளம் காண வேண்டிய முதல் பாகமே போய்விட்ட பிறகு மிச்சத்தை வைத்து என்ன செய்வது? மண்ணெண்ணெய், கோடாலித் தைலம், வாசலின், நெருப்புக்குச்சி எதுவும் வேண்டாம். இவற்றுக்கு உண்ணி விட்டுக்கொடுக்காது. கொடுத்தாலும் குடித்ததைக் கடிவாய்க்குள் கக்கிவிட்டுத்தான் விடும்.

கூட்டிலிருந்து விழுந்த குட்டி அணிலில் உண்ணி நிறைய இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவதுதான் சரி. நாய்க்குப் பிடரியில் விடும் மருந்தை அணில் குட்டிக்கு விடாதீர்கள். அந்த அளவு அதன் எடைக்குத் தாங்காது. வீட்டில் பூனை இருந்தால் இன்னொன்றும் கவனம்: பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு விஷம்.

குப்பியும் சீட்டும்

ஒரு பிராணிக்கு ஒரு குப்பி. அணிலில் எடுத்ததையும் வீட்டு நாயில் எடுத்ததையும் ஒரே குப்பியில் போட்டால் இரண்டும் வீண். நாயின் உண்ணி சுவரில் ஏறி அட்டைப்பெட்டியில் புகுந்து கிடக்கும் குணமுள்ளது. குட்டி அணிலை நாய் படுக்கிற மூலையில் வைத்திருந்தால், பெட்டியில் கிடைத்தது எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. அப்படியானால் சீட்டில் 'பெட்டியில் கிடந்தது' என்றே எழுதுங்கள்.

உயிருள்ள உண்ணியை நேராக ஆல்கஹாலில் போட்டால் கால்களை மடக்கிக்கொண்டு சாகும். பிறகு அடிப்பக்கம் தெரியாது. கொதி அடங்கிய வெந்நீரில் சில விநாடி போட்டு எடுத்தால் கால்கள் விரிந்தபடி இருக்கும். அதன் பிறகு ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள்.

சீட்டு குப்பிக்கு உள்ளே போக வேண்டும்; வெளியே ஒட்டியது உரிந்துவிடும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்து தாள் வெறுமையாகிவிடும். இந்த மாதிரி இருந்தால் போதும்:

ஆயர் ஈத்தாம், பினாங்கு. வீட்டுக் கொல்லை, மலையோரம்.
நாள், மாதம், ஆண்டு.
அணில், வயிறு செங்காவி, செத்தது.
இடது காதின் உள்பக்கம், 3 உண்ணி.
எடுத்தவர் பெயர்.

லென்ஸ் மட்டமாக இருந்தாலும் சமாளிக்கலாம், மறுபடி பார்த்துக்கொள்ளலாம். சீட்டில்லாத உண்ணிக்கு மட்டும் பிறகு ஒரு மதிப்பும் கிடையாது.

எத்தனை கால், எந்தப் பருவம்

ஆறு கால் என்றால் குஞ்சு. எட்டுக் கால் என்றால் இளசு அல்லது வளர்ந்தது. கவிழ்த்துப் போட்டு, முன்னங்கால்களின் அடிகளுக்கு நடுவே உடம்பின் மையக்கோட்டில் பாருங்கள். குறுக்காக ஒரு சிறு பிளவோ வளைந்த மடிப்போ இருந்தால் அது இனப்பெருக்கத் துளை, அப்படியானால் வளர்ந்தது. வழவழப்பாக ஒன்றுமில்லாமல் இருந்தால் இளசு. மலத்துளை இரண்டிலுமே பின்பக்கம் இருக்கும். அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வளர்ந்ததில் ஆணா பெண்ணா என்பது ஒரு பார்வையில் தெரியும். முதுகு முழுவதையும் கெட்டித் தகடு மூடியிருந்தால் ஆண். முன்பகுதியில் மட்டும் தகடு இருந்து, பின்னால் தோல் மெதுவாக இருந்தால் பெண். குஞ்சுக்கும் இளசுக்கும்கூட முன்பகுதியில் மட்டுமே தகடு இருக்கும். அதனால்தான் பருவத்தை முதலில் முடிவு செய்துகொள்ளச் சொல்வது.

அணிலில் கிடைப்பவற்றில் குஞ்சும் இளசும் நிறைய இருக்கும். பல உண்ணிகள் சிறு வயதில் எலி, அணில் போன்ற சிறு பிராணிகளில் குடித்துவிட்டு, வளர்ந்தபின் பன்றி, மாடு, நாய் என்று பெரிய உடம்பு தேடிப் போகின்றன. குஞ்சு மட்டுமே கிடைத்திருந்தால் 'வன்னுடல் உண்ணிக் குஞ்சு' என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். அதை மேலே பிரித்துப் பார்க்க உடம்பைக் காரத்தில் தெளியவைத்துக் கண்ணாடித் தகட்டில் பதித்து, நல்ல நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அது சமையல் மேசையில் செய்கிற வேலை அல்ல.

கவிழ்த்துப் பார்ப்பது

உண்ணியை ஆல்கஹாலிலிருந்து எடுத்து, டிஷ்யூவில் ஒற்றி, ஒரு நிமிடம் காற்றாட விடுங்கள். ஈரமாக இருந்தால் பளபளப்பில் பள்ளமும் மேடும் தெரியாது. அதற்காக ரொம்ப நேரம் வெளியே வைத்தால் சுருங்கிவிடும். கறுப்புத் தாளின் மேல் மல்லாக்கப் போட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். மேலிருந்து விழுகிற வெளிச்சத்தைவிடச் சாய்ந்து விழுகிற வெளிச்சத்தில்தான் பள்ளக்கோடு நிழலோடு எழும்பித் தெரியும்.

மலத்துளை, உடம்பின் பின் மூன்றில் ஒரு பங்கில், இரண்டு சிறு கதவு போட்ட வட்டமாகத் தெரியும். அதைச் சுற்றி வளைந்து போகிற கோடு, துளைக்கு முன்பக்கமாக, அதாவது வாய் இருக்கிற பக்கமாக வளைந்து, இரு கைகளும் பின்னோக்கி இறங்கினால் அது இக்சோடெஸ். கோடு துளைக்குப் பின்னால் கிண்ணம் போல வளைந்தால் மற்ற பேரினங்களில் ஒன்று. இந்த ஒரு அடையாளத்திலேயே வேலை பாதி முடிந்துவிடும்.

இங்கே நடக்கிற பிசகு, கோடே தெரியவில்லை என்றால் இக்சோடெஸ் என்று எழுதிவிடுவது. தெரியாமல் இருப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. வயிறு நிறைந்த பெண்ணில் கோடு நீட்சியில் மங்கிவிடும். மாட்டு உண்ணியான ரைப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸில் அது இயல்பாகவே மங்கலானது. முன்பக்கமாக வளைவதைக் கண்ணால் கண்டால் மட்டுமே இக்சோடெஸ் என்று எழுதுங்கள்.

பேரினங்கள் ஒவ்வொன்றாக

இக்சோடெஸ். மலேசியாவில் எலி, மர மூஞ்சூறு, அணில் போன்ற சிறு பிராணிகளில் அடிக்கடி கிடைக்கிற இக்சோடெஸ் கிரானுலாட்டஸ் இதில் சேர்ந்தது. வாயின் இரு பக்கமும் நிற்கிற விரல் போன்ற உறுப்புகளைப் பால்ப் என்பார்கள்; இதில் அவை நீண்டு ஒடுங்கியிருக்கும். முதுகுத் தகட்டில் கண் கிடையாது, வெள்ளைப் பூச்சு கிடையாது, உடம்பின் பின்விளிம்பில் கட்டங்கட்டமான வெட்டும் கிடையாது. இந்தச் சிற்றினத்திலிருந்துதான் 1956ல் லங்காட் வைரஸ் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. பெயர் சிலாங்கூரின் உலு லங்காட்டிலிருந்து வந்தது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இயற்கையில் மனிதருக்கு இந்த வைரஸால் நோய் வந்ததாகப் பதிவில்லை.

ஹேமாபைசாலிஸ். கோடு மலத்துளைக்குப் பின்னால். முதுகுப் பக்கம் திருப்பி வாயை மட்டும் பாருங்கள். பால்ப்பின் இரண்டாம் கணு பக்கவாட்டில் புடைத்து, வாயடியின், அதாவது பால்ப் முளைக்கிற அடிப்பாகத்தின், அகலத்தையும் தாண்டி வெளியே நிற்கும். அதனால் வாய் மொத்தமும் முக்கோணமாகத் தெரியும். வாயடி நீள்சதுரம், கண் இல்லை, பின்விளிம்பில் கட்டங்கள் உண்டு. காட்டோரத் தாமான் குடியிருப்புகளில் அணிலிலும், தரையில் மேயும் கோழி, பறவைகளிலும் இந்தப் பேரினம் வரும். குஞ்சிலும் இளசிலும் புடைப்பு சரியாகத் தெரியாத சிற்றினங்களும் உண்டு என்பதால், புடைப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து இதைத் தள்ளிவிடக்கூடாது.

ரைப்பிசெபாலஸ். வாயடியின் இரு பக்கமும் கூர்ந்து ஆறு மூலையாக இருக்கும். பால்ப் குட்டை. முதுகுத் தகட்டின் இரு ஓரத்திலும் வெளிறிய சிறு மேடாகக் கண் தெரியும். வீட்டு நாயில் நாம் தினமும் பிடுங்குகிற பழுப்பு உண்ணி இதுதான். ரைப்பிசெபாலஸ் சாங்குவினியஸ் என்று எல்லாப் புத்தகத்திலும் பார்த்திருப்பீர்கள். வெப்பமண்டல நாடுகளில் இருக்கும் வகை ரைப்பிசெபாலஸ் லின்னேயி என்று 2021ல் தனியாக அடையாளம் காட்டப்பட்டது. இது குஞ்சிலிருந்து கடைசி வரை நாயையே நம்பி வாழக்கூடியது. அணிலில் இதைக் கண்டால், முதலில் வீட்டு நாயையும் நாய் படுக்கிற இடத்தையும் சோதித்துப் பாருங்கள்.

டெர்மசென்ட்டர். வளர்ந்தது காட்டுப்பன்றியில் குடிக்கிற உண்ணி. தகட்டில் வெள்ளையாகவோ தந்த நிறத்திலோ பூச்சு இருக்கும், பால்ப் குட்டை, கண் உண்டு. அணிலில் வருவது இதன் சிறு பருவங்கள். ஆனால் அந்தப் பூச்சு வளர்ந்ததில் மட்டுமே வரும். போதாக்குறைக்கு, இளசின் வாயடி பக்கவாட்டில் கூர்ந்து ரைப்பிசெபாலஸ் போலவே இருக்கும். ஆறு மூலை வாயடி கொண்ட இளசு கிடைத்தால் 'ரைப்பிசெபாலஸ் அல்லது டெர்மசென்ட்டர்' என்று இரண்டையும் எழுதுங்கள். பக்கத்தில் காட்டுப்பன்றி நடமாட்டம் உண்டா, வீட்டில் நாய் உண்டா என்பதையும் சீட்டில் சேருங்கள்; பார்க்கிறவருக்கு அது உதவும்.

ஆம்ப்ளியோமா. வாய் நீளம், கண்ணில் முதலில் படுவதே அதுதான். பால்ப்பின் இரண்டாம் கணு மற்றவற்றைவிட நன்றாக நீண்டிருக்கும். உடும்பு, பாம்பு, ஆமை ஆகியவற்றில் வரும் சிற்றினங்கள் இதில் உண்டு. கொல்லை அணிலில் எதிர்பார்க்க வேண்டியதில்லை. கிடைத்தால் கட்டாயம் யாரிடமாவது காட்டுங்கள்.

படம் எடுப்பது

நான்கு படம் எடுங்கள்: முதுகு முழுவதும், வயிறு முழுவதும், மேலிருந்து வாய் மட்டும், மலத்துளைப் பகுதி மட்டும். முதல் இரண்டிலும் பக்கத்தில் அளவுகோல் இருக்க வேண்டும். கைப்பேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் வளர்ந்த உண்ணிக்குப் போதும். இளசுக்கு யூஎஸ்பி நுண்ணோக்கி வேண்டும். உருப்பெருக்கத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஓரம் மட்டும் தெளிந்து மற்றதெல்லாம் புகையாகும். கொஞ்சம் குறைத்து எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

அடையாளம் சொல்லும் செயலிகள் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் அமெரிக்க, ஐரோப்பியப் படங்களே அதிகம் என்பதால், நம் இக்சோடெஸைக் கொடுத்தால் லைம் நோய் பரப்பும் மான் உண்ணி என்று பதில் வரக்கூடும். பேரினம் வரை சரியாகச் சொல்லியிருந்தாலும், அதன்கூட வருகிற சிற்றினப் பெயரை அடித்துவிடுங்கள்.

உங்கள் மேல் ஏறியிருந்தால்

எடுக்கும் முறை மேலே சொன்னதுதான். கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவி, உண்ணியைக் குப்பியில் போட்டு, நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கடுமையான தலைவலி, தடிப்பு, கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள். 'உண்ணி கடித்தது, இன்ன தேதி' என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருந்தால் டெங்கிச் சோதனையோடு வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். காதுக்குள் புகுந்துவிட்டால் இயர் பட்ஸால் குடையவும் வேண்டாம், எண்ணெய் ஊற்றவும் வேண்டாம், மருத்துவமனைதான். மலேசியக் காது மூக்குத் தொண்டைப் பிரிவுகளுக்கு இது புதிய விஷயமல்ல.

மேலே யாரிடம் காட்டுவது

பினாங்கில் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறை. நோய் பரப்பும் பூச்சிகளுக்கென்றே ஓர் ஆய்வுப் பிரிவு அங்கே உண்டு. இது தவிர மருத்துவ ஆய்வுக் கழகமும், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டலத் தொற்றுநோய் ஆய்வு மையமும் இருக்கின்றன. குப்பியோடு வாசலில் போய் நிற்காமல், முதலில் நான்கு படத்தையும் சீட்டு விவரத்தையும் மின்னஞ்சலில் அனுப்பி, எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

அனுப்பச் சொன்னால், ஆல்கஹால் எரியும் பொருள் என்பதால் நிறைந்த குப்பியைக் கூரியரில் போட முடியாமல் போகலாம். ஆல்கஹாலை வடித்துவிட்டு, அதில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூத் துண்டு ஒன்றை உண்ணிக்கு மேல் தளர்வாக வைத்து மூடுங்கள். அழுத்தி அடைத்தால் கால் ஒடியும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஜிப் பையில் போட்டு, கெட்டி அட்டைப்பெட்டியில் வையுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று உண்ணி கிடைத்திருந்தால் ஒன்றை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டு மற்றதை அனுப்புங்கள்; பெட்டி வழியில் தொலைந்தாலும் உங்களிடம் ஒன்று மிச்சமிருக்கும்.